படுக்கையறை நஞ்சுக்கு வரம்பு வேண்டும்

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு குடும்பம் எலித் தொல்லை தாங்காமல் தனியார் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழைத்தது. ஆட்கள் வந்து வீட்டுக்குள் பல இடங்களில் மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கிய அந்தக் குடும்பத்தில் 6 வயதுப் பெண் குழந்தையும் 1 வயது ஆண் குழந்தையும் உயிரிழந்தனர். தாயும் தந்தையும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நிறுவனத்தின் ஊழியர்கள் கைதானார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு பயணியர் விடுதியில் தங்கியிருந்த இரண்டு இளம் வெளிநாட்டுப் பெண்கள் உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் இறந்தனர். அந்த விடுதியில் மூட்டைப்பூச்சிக்காகப் புகைமருந்து போட்டிருந்தார்கள். அந்த நச்சுதான் உயிரைப் பறித்ததா என்று விசாரணை தொடங்கியது.

எலிக்கு வைத்தாலும் மூட்டைப்பூச்சிக்கு அடித்தாலும் கேள்வி ஒன்றுதான். மனிதர்கள் உறங்கும் அறைக்குள் நஞ்சைக் கொண்டுவரும் ஒருவர் என்ன தெரிந்தவராக இருக்க வேண்டும்? அவர் செய்ததற்கு யாரிடம் பதில் சொல்ல வேண்டும்? தமிழ்நாட்டில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் காகிதத்தில் பாதி பதில் இருக்கிறது, நடைமுறையில் ஒன்றுமே இல்லை. இதைக் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துபோக நமக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்தே விட்டுவைத்திருக்கும் தவறு இது. அதற்குக் குற்றவாளிகள் இருக்கிறார்கள். ஆனால் நாம் வழக்கமாகக் கைகாட்டும் ஆட்கள் அவர்கள் அல்லர்.

மூட்டைப்பூச்சி மருந்தடிப்பு நம் ஊரில் எப்படி நடக்கிறது என்பது விடுதியில் தங்கியவர்கள் எல்லோருக்கும் தெரியும். திருவல்லிக்கேணி மேன்ஷனோ, வேளச்சேரிப் பக்கத்துப் பி.ஜி.யோ, அரசுக் கல்லூரி விடுதியோ, காட்சி ஒன்றுதான். கடிபட்டவர்கள் பல வாரம் முறையிட்ட பிறகு ஒருநாள் இரண்டு இளைஞர்கள் பைக்கில் வருவார்கள். தோளில் ஒரு ஸ்ப்ரேயர், கையில் லேபிள் இல்லாத ஒரு பாட்டில். அரை மணி நேரத்துக்குள் ஒரு மாடி முழுவதும் அடித்து முடித்துவிடுவார்கள். மெத்தையின் நடுவில் நனையும்படி அடிப்பார்கள், போர்வை மேல் அடிப்பார்கள், சுவரோரம் ஒரு கோடு இழுப்பார்கள். என்ன மருந்து என்று கேட்டால் 'வாசம் இல்லாத மருந்து' என்பார்கள், இல்லையென்றால் 'ஹெர்பல்' என்பார்கள். ஒரு மணி நேரம் கதவைச் சாத்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இரவு அதே மெத்தையில்தான் படுக்க வேண்டும். படுக்க வேறு இடம் யாரிடம் இருக்கிறது?

முறை தெரிந்த ஒருவர் இந்த வேலையைத் தொடங்கும் விதமே வேறு. அவர் கையில் முதலில் இருக்கும் கருவி ஸ்ப்ரேயர் அல்ல, டார்ச் விளக்கு. மெத்தையைத் தூக்கி நிறுத்தி, அதன் ஓரத்துத் தையலை விரலால் விரித்தபடி அங்குலம் அங்குலமாக வெளிச்சம் காட்டிப் பார்ப்பார். பேனா முனையால் குத்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஈரத்துணியால் தேய்த்தால் அவை கரைந்து இழுபடும், ஏனென்றால் அது செரித்த இரத்தம். தையலுக்குள் தோலுரித்துப் போட்ட வெளிர்பழுப்புக் கூடுகள் கிடக்கும். 1 மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் முட்டைகளைக் காண நல்ல வெளிச்சமும் பொறுமையும் வேண்டும். பிறகு கட்டிலைக் கழற்றுவார். திருகாணித் துளை, பிளைவுட்டின் பிளந்த விளிம்பு, இரும்புக் குழாயின் திறந்த வாய், தலைமாட்டுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து, சுவரில் மாட்டிய காலண்டரின் பின்புறம், ஸ்விட்ச் பெட்டி, திரைச்சீலை மடிப்பு என்று தேடிக்கொண்டே போவார். ஓர் அறைக்கு இதற்கே நெடுநேரம் ஆகும். அடுத்த அறையையும் மேல் அறையையும் கீழ் அறையையும் பார்க்காமல் அவர் ஒரு சொட்டு மருந்துகூட எடுக்கமாட்டார். பூச்சி இருப்பது தையலிலும் இடுக்கிலும். நம் ஊர் மருந்து விழுவதோ மனிதன் முதுகை வைக்கும் இடத்தில்.

இந்தப் பூச்சியின் வாழ்க்கை முறை தெரிந்தவர் ஒரே நாளில் ஒழித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டார். முட்டை பொரிய ஒரு வாரம் முதல் 10 நாள் வரை ஆகும். பொரிந்த குஞ்சு 5 முறை தோலுரித்துப் பெரிதாகிறது, ஒவ்வொரு முறைக்கும் இரத்தம் குடித்தாக வேண்டும். வளர்ந்த பூச்சி பல மாதம் பட்டினி கிடந்தும் பிழைத்திருக்கும். பெரும்பாலான மருந்துகள் முட்டையை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால் முதல் நாள் என்ன செய்தாலும், ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து பார்க்காத வேலை அரைகுறை வேலை. பாதி செய்து முழுக் கூலி வாங்குவதற்கு நம் மொழியில் ஏமாற்று என்று பெயர்.

இதைவிட மோசமானது, அடிக்கும் மருந்துக்கே பூச்சி அசைவதில்லை என்பது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. வந்தபோது மூட்டைப்பூச்சியின் கதை முடிந்தது என்று உலகம் நம்பியது. 1947-லேயே ஹவாய்த் தீவுகளில் பேர்ல் ஹார்பர் கடற்படைக் குடியிருப்பில் டி.டி.டி.க்குச் சாகாத மூட்டைப்பூச்சிகளைக் கண்டார்கள். மலேரியா ஒழிப்புக்காக வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்த நாடுகளில் மூட்டைப்பூச்சிகள் அடங்குவதற்குப் பதில் கிளம்பி அலைந்தன. அதைப் பார்த்த மக்கள் தெளிக்க வந்தவர்களையே வீட்டுக்குள் விட மறுத்த வரலாறும் உண்டு. நம் மண்ணில் அதிகம் காணப்படும் வெப்பமண்டல மூட்டைப்பூச்சி இனத்தை இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். டி.டி.டி. மட்டுமல்ல, அதன் பின் வந்த ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட், பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கும் அது எதிர்ப்பு வளர்த்துக்கொண்டிருந்தது. இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான வீட்டுப் பூச்சிமருந்துகள் பைரித்ராய்டு வகையைச் சேர்ந்தவைதான். சாகாத பூச்சிக்கு மேலும் மேலும் அடித்தால் அது பக்கத்து அறைக்கு நகர்கிறது. நஞ்சு மட்டும் படுக்கையிலேயே தங்குகிறது.

மருந்து வேலை செய்யவில்லை என்றதும் நம் ஊரில் நடப்பது என்ன? அளவைக் கூட்டுகிறார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் கடுமையான சரக்குக்குத் தாவுகிறார்கள். கொலை இங்கேதான் தொடங்குகிறது.

நெல்லையும் கோதுமையையும் கிடங்கில் வண்டு அரிக்காமல் காக்கப் பயன்படுவது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்ற வாயுவாக மாறும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் பாஸ்பீன் வெளிவரும். சுவர் வெடிப்பு, கதவிடுக்கு, மின்கம்பி போகும் துளை எதுவும் அதற்குத் தடையில்லை. உள்ளே போனால் முறிக்க மாற்றுமருந்து கிடையாது. இந்தியச் சட்டப்படி, இதைக் கொண்டு பூச்சிக்கட்டுப்பாட்டு வேலையில் இறங்குபவர்கள் அரசு நிபுணர்களின் அல்லது அரசால் ஏற்கப்பட்ட நிபுணர்களின் நேரடி மேற்பார்வையில் மட்டுமே இறங்கலாம். இது தானியக் கிடங்குக்கான பொருள், குழந்தை உறங்கும் அறைக்கானது அல்ல. இருந்தும் வீட்டுப் பூச்சிக்கு இதைக் கைக்கொள்ளும் பழக்கம் தெற்காசியாவில் இருக்கிறது, நம்மவர்கள் போன இடங்களுக்கும் அது கூடவே போகிறது. 2015 பிப்ரவரியில் கனடாவின் ஃபோர்ட் மக்மரியில் 8 மாதக் குழந்தை ஒன்று இறந்தது. பாகிஸ்தானிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை மூட்டைப்பூச்சியைக் கொல்வதற்காக அறையில் வைத்திருந்தார்கள்.

எகிப்தில் நடந்தது இன்னும் விளக்கமாகத் தெரிய வேண்டியது. 2018 ஆகஸ்டில் ஹுர்காதா என்ற கடற்கரை ஊரில் ஓர் ஓட்டலில் தங்கியிருந்த பிரிட்டிஷ் தம்பதி ஒரே நாளில் இறந்தார்கள். பக்கத்து அறையில் மூட்டைப்பூச்சிக்கு மருந்தடித்திருந்தார்கள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது, அதன் இடுக்குகளில் டேப் ஒட்டியிருந்தார்கள். பாதுகாப்பு ஏற்பாடு அவ்வளவுதான். 5 ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பரில், இங்கிலாந்தின் மரண விசாரணை அதிகாரி காரணத்தைச் சொன்னார். மருந்தைக் கரைக்கப் பயன்படுத்திய டைகுளோரோமீத்தேன் என்ற திரவத்தின் ஆவியை அவர்கள் சுவாசித்திருக்கிறார்கள், உடலுக்குள் அது கார்பன் மோனாக்சைடாக மாறிக் கொன்றிருக்கிறது. கொன்றது மருந்துகூட அல்ல, மருந்தில் கலந்த பொருள். எதில் எதைக் கலக்கலாம் என்று தெரியாத கை இரண்டு உயிரை எடுத்துவிட்டது.

இவையெல்லாம் எங்கோ நடந்த விபரீதங்கள், நம் பக்கத்தில் இப்படி இல்லை என்று யாரும் ஆறுதல் சொல்லிக்கொள்ள வேண்டாம். நம் பக்கத்தில் கணக்கு எடுப்பதில்லை என்பதுதான் நிலை. கணக்கு எடுத்த இடத்தில் என்ன தெரிந்தது? அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2011-இல் வெளியிட்ட அறிக்கை, 2003 முதல் 2010 வரை 7 மாநிலங்களில் மூட்டைப்பூச்சி மருந்தால் உடல் பாதிக்கப்பட்ட 111 பேரைக் கண்டது. அவர்களில் ஒருவர் இறந்திருந்தார். பாதிப்புக்கு அது சொன்ன முக்கியக் காரணங்களைப் படித்தால் நம் விடுதிகளைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கும். அளவுக்கு மீறி அடித்தது, மருந்து பட்ட படுக்கை விரிப்பைத் துவைக்காமலும் மாற்றாமலும் படுத்தது, மருந்தடித்த செய்தியை அங்கே இருப்பவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லாதது. மூன்றுமே மனிதத் தவறுகள். ஒரு தாளில் எழுதி, அதன்படி நடக்க வைத்தால் தவிர்க்கக்கூடியவை.

இந்த இடத்தில் ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டும். மூட்டைப்பூச்சி தூக்கத்தைக் கெடுக்கிறது, தோலைத் தடிக்க வைக்கிறது, மனத்தை நோகடிக்கிறது. ஆனால் அது நோயைப் பரப்புவதாக இதுவரை நிறுவப்படவில்லை. உயிரை எடுக்காத ஒரு பூச்சியை ஒழிக்க உயிரை எடுக்கும் பொருளைக் கையாளுகிறோம் என்றால், அந்தக் கை எவ்வளவு தெளிந்ததாக இருக்க வேண்டும்!

அந்த மூன்று தவறுகளையும் தவிர்க்க வழிசொல்லும் ஒரு தாளை எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மூட்டைப்பூச்சி மீண்டும் பெருகத் தொடங்கியபோது, சிட்னி வெஸ்ட்மீட் மருத்துவமனையின் மருத்துவப் பூச்சியியலாளர் ஸ்டீபன் டாகெட் முன்னின்று, பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு ஒரு நடைமுறை நெறியை உருவாக்கினார். 2005-இல் வரைவாக வந்த அது, கற்றுக்கொண்டதற்கு ஏற்பத் திருத்தப்பட்டு 2013-இல் நான்காம் பதிப்பை எட்டியது. அமெரிக்கத் தொழில் சங்கமும் ஐரோப்பியர்களும் பின்னர் தங்களுக்கென்று எழுதிக்கொண்டார்கள். ஆஸ்திரேலிய நெறியில் மந்திரம் எதுவும் இல்லை. முதலில் ஆய்வு, பக்கத்து அறைகளையும் சேர்த்து. அதன்பின் வெற்றிடக் கருவியால் உறிஞ்சுவது, நீராவி காட்டுவது, வெந்நீரில் துவைப்பது, இடுக்குகளை அடைப்பது. மருந்து இவற்றோடு சேர்ந்து வரும் ஒரு பகுதி மட்டும்தான். லேபிளில் எழுதிய இடத்தில், எழுதிய அளவில் மட்டும் மருந்து. வீட்டுக்காரருக்கு என்ன செய்யப்போகிறோம், அவர் என்ன செய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே எழுத்தில். பிறகு திரும்பி வந்து ஆய்வு. கதவைச் சாத்தி அறை முழுவதும் புகைபரப்பும் டப்பாக்களை அது ஏற்பதில்லை. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2012-இல் அப்படிப்பட்ட டப்பாக்களைச் சோதித்தபோது, இடுக்கில் ஒளிந்த பூச்சியை அந்தப் புகை தொடவே இல்லை என்று கண்டது.

அந்த நெறி சட்டம் அல்ல, தொழில் தானாக ஏற்றுக்கொண்ட ஒழுங்குதான். இருந்தாலும் அது வந்த நாளிலிருந்து ஒரு வாடிக்கையாளர் 'நீங்கள் செய்தது சரியில்லை' என்று சொல்ல ஓர் அளவுகோல் கிடைத்தது. நம்மிடம் அந்த அளவுகோல் இல்லை. மெத்தையை நனைத்துவிட்டுப் போனவரிடம், நீ செய்தது தவறு என்று எதைக் காட்டிச் சொல்வது?

நம்மிடம் சட்டம் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-ஆம் ஆண்டின் விதிகளும் கூலிக்கு மருந்தடிப்பவர் உரிமம் பெற வேண்டும் என்கின்றன. உரிமம் பெற வேளாண்மையிலோ, வேதியியலைப் பாடமாகக் கொண்ட அறிவியலிலோ பட்டம் வேண்டும், அத்துடன் மைசூரு, ஹாப்பூர், ஐதராபாத் ஆகிய ஊர்களில் உள்ள நிறுவனங்களில் குறைந்தது 15 நாள் பயிற்சி வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிற்சி தரும் அந்த நிறுவனங்கள் உணவுப் பாதுகாப்புக்கும் தானியச் சேமிப்புக்கும் பயிர்ப் பாதுகாப்புக்கும் ஏற்பட்டவை. சட்டத்தின் மனம் முழுவதும் வயலிலும் கிடங்கிலும் இருக்கிறது, படுக்கையறையில் இல்லை. உரிமம் ஒரு பட்டதாரியின் பெயரில் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. நம் கட்டிலில் மருந்தடிக்கும் இளைஞன் அந்தப் பட்டதாரியைப் பார்த்ததுகூட இருக்காது. சட்டத்தைப் புதுப்பிக்க 2020-இல் மாநிலங்களவைக்கு ஒரு மசோதா வந்தது, நிறைவேறாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. டைகுளோர்வாஸ் போன்ற சில கொடிய மருந்துகள் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு தடை செய்யப்பட்டது உண்மை. லேபிள் இல்லாத பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க ஆள் இல்லாதவரை தடைக்கு என்ன பொருள்?

இனி குற்றத்தை யார்மேல் வைப்பது என்று சொல்லியாக வேண்டும். அந்த இளைஞன்மேல் முதலில் வைக்க நம்மால் முடியாது. கையுறை இல்லாமல், வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஒரே நாளில் ஊரெல்லாம் சுற்றி அவன் அடிக்கும் மருந்தை முதலில் சுவாசிப்பவன் அவன்தான். 1971 விதிகள் மருந்தைக் கையாளும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு உடையும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும் என்கின்றன. எத்தனை நிறுவனங்கள் இதைச் செய்கின்றன என்று வேளாண் துறை ஒரு முறையேனும் நேரில் போய்ப் பார்த்து, கண்டதை மக்களுக்குச் சொல்லட்டும். ஆளுக்கு இத்தனை வீடு என்று கணக்குக் கொடுத்து அனுப்பும் முதலாளிதான் இந்தத் தொழிலில் முதல் குற்றவாளி. '6 மாத காரண்டி' என்று விளம்பரம் செய்பவர் பொய் சொல்கிறார். மூட்டைப்பூச்சி பெட்டியிலும் பையிலும் பழைய சோபாவிலும் ஏறி வருகிறது. நாளை ஒரு விருந்தாளியோடு வரக்கூடிய பூச்சிக்கு இன்று அடிக்கும் மருந்து பொறுப்பேற்காது. நேர்மையான தொழிலாளி தரக்கூடிய உறுதி ஒன்றுதான். இரண்டு வாரம் கழித்து வருவேன், டார்ச் வெளிச்சத்தில் மறுபடியும் பார்ப்பேன், உயிரோடு ஒன்று இருந்தாலும் மேலதிகக் கூலி வாங்காமல் வேலையைத் தொடர்வேன் என்பது.

இரண்டாவது குற்றவாளி கட்டடத்தின் சொந்தக்காரர். தெரிந்தே பூச்சி உள்ள அறையை வாடகைக்கு விடுபவரை நாம் கெட்டிக்காரர் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். புதிதாக வந்த பெண் முதுகிலும் கையிலும் வரிசையாகத் தடிப்போடு வந்து சொன்னால், 'நீ வருவதற்கு முன் இங்கே இல்லையே' என்பதுதான் வார்டனின் முதல் பதில். அந்தப் பெண்ணின் மெத்தை மொட்டைமாடிக்குப் போகிறது, பக்கத்துப் படுக்கைக்காரிகள் ஒதுங்கிப் போகிறார்கள், மருந்தடித்த செலவு மாதக் கடைசியில் எல்லோர் கணக்கிலும் ஏறுகிறது. காலி செய்தால் அட்வான்ஸில் பிடித்தம். சுத்தமில்லாதவள் என்ற பெயர் மட்டும் மிச்சம். இது கொடுமை. பிரான்சின் அரசு ஆய்வு முகமை 2023-இல் வெளியிட்ட கணக்கில், 2017 முதல் 2022 வரை அந்நாட்டுக் குடும்பங்களில் 11 விழுக்காட்டினர் மூட்டைப்பூச்சியால் அவதிப்பட்டிருக்கிறார்கள். பணம் உள்ளவர் இல்லாதவர் என்ற வேறுபாடு பூச்சிக்கு இல்லை, ஒழிக்கும் செலவைத் தாங்குவதில்தான் அந்த வேறுபாடு என்றது அந்த முகமை. நியூயார்க்கில் 2010 முதல், வீட்டில் முந்தைய ஓராண்டில் மூட்டைப்பூச்சி இருந்ததா என்பதை ஒப்பந்தம் போடும்போதே வாடகைக்கு வருபவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். பிரான்சில் 2018-ஆம் ஆண்டுச் சட்டம், பூச்சித் தொல்லை இல்லாத வீட்டைத்தான் வாடகைக்கு விட வேண்டும் என்று உரிமையாளர்மேல் கடமையை வைக்கிறது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் வெள்ளையடிப்பது யார், குழாய் மாற்றுவது யார் என்றெல்லாம் பட்டியல் இருக்கிறது. இந்தப் பூச்சிக்கு அதில் ஒரு வரி இல்லை.

மூன்றாவதாக அரசு, ஒழுங்குபடுத்துபவர் என்ற முறையில் மட்டுமல்ல, சொந்தக்காரர் என்ற முறையிலும். மாணவர் விடுதிகளும் மருத்துவமனைக் கட்டில்களும் அரசுடையவை. தன் கட்டில்களில் என்ன மருந்து, யார், எப்போது அடித்தார்கள் என்று அரசே பதிவேடு வைக்காதபோது தனியாரை எந்த வாயால் கேட்பது?

நெறிமுறை வந்தால் செலவு கூடும், ஏழைக்கு எட்டாது என்று தொழிலில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். இதை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை, ஆய்வுக்கு நேரம் பிடிக்கும், நேரத்துக்குக் கூலி உண்டு. ஆனால் பயனில்லாத மருந்தை மூன்று முறை அடித்து மூன்று முறை பணம் கொடுப்பவர்கள் இன்றைக்கு யார்? ஏழைகள்தான். தவிர, இந்தப் பூச்சிக்கு எதிரான வலுவான ஆயுதம் விலை குறைந்தது. 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பம் நேராகப் பட்டால் பூச்சியும் பிழைக்காது, மருந்துக்கு அசையாத முட்டையும் பிழைக்காது. அந்தக் காலத்துப் பெண்கள் கட்டிலை முற்றத்தில் போட்டு மூட்டுவாய்களில் கொதிக்கும் நீரை ஊற்றியது முட்டாள்தனம் அல்ல. மருந்தடிப்பவர் இன்றும் செய்யாத சரியான காரியம் அது. வெயிலில் வெறுமனே போடுவது போதாது, பூச்சி நிழல் பக்கம் நகர்ந்துகொள்ளும். 60 டிகிரி வெந்நீரில் துணிகளைத் துவைப்பது, நீராவிக் கருவி, மெத்தைக்கு ஜிப் வைத்த முழு உறை, சுவர் வெடிப்புக்கும் கட்டில் துளைக்கும் பட்டி பூசி அடைப்பது ஆகிய எதிலும் நஞ்சு இல்லை. ஒரு விடுதிக்கு ஒரு நீராவிக் கருவி வாங்கும் செலவு தாங்க முடியாதது என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

மண்ணெண்ணெய் ஊற்றுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது தீ. படுக்கையில் அதை ஊற்ற வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியதற்கு நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டு வேளாண் துறையும் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து, பூச்சியியல் தெரிந்தவர்களையும் தொழில் செய்பவர்களையும் உட்காரவைத்து, குடியிருக்கும் இடங்களில் மருந்தடிப்பதற்கென ஒரு நடைமுறை நெறியைத் தமிழில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி மேசையில் வைத்தால் அது ஸ்ப்ரேயரைப் பிடிப்பவனைச் சென்றடையாது. ஆய்வு செய்யாமல் அடிக்கக் கூடாது, மனிதர் குடியிருக்கும் கட்டடத்தில் புகைமருந்து மாத்திரை கூடவே கூடாது, அடித்த மருந்தின் பெயரும் அளவும் நாளும் அடித்தவர் பெயரும் எழுதிய தாளை அங்கே குடியிருப்பவர் கையில் கொடுக்க வேண்டும், எத்தனை மணி நேரம் அறைக்குள் போகக் கூடாது என்பது அதில் இருக்க வேண்டும், மறு ஆய்வு கட்டாயம். நேரில் மருந்தடிப்பவர் ஒவ்வொருவருக்கும் பயிற்சிச் சான்று வேண்டும், முதலாளிக்கு மட்டும் இருந்தால் போதாது. மகளிர், குழந்தைகள் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் கொடுப்பது மாநில அரசுதான். அந்த உரிமத்தின் நிபந்தனைகளில் இந்த நெறியைச் சேர்க்கலாம், ஒழிக்கும் செலவு விடுதியுடையது, தங்கியிருப்பவருடையது அல்ல என்று ஒரு வரியும் சேர்க்கலாம். விடுதிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழிலில் நேர்மையாக உழைப்பவர்கள் இல்லாமல் இல்லை. ஒரு நாள் முழுக்கக் கட்டிலைக் கழற்றி மாட்டும் அவர்களைக் குறைந்த விலை சொல்லும் அவசரக்காரர்கள் சந்தையிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். நெறிமுறையை முதலில் கேட்க வேண்டியவர்கள் அவர்களே. கேட்காமல் மௌனமாக இருந்தால் அடுத்த சாவில் அந்த மௌனத்துக்கும் பங்கு உண்டு.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், பிள்ளை தங்கும் விடுதியில், பெற்றோர் படுத்திருக்கும் மருத்துவமனையில் மருந்தடிக்க ஆள் வந்தால், என்ன மருந்து என்று கேளுங்கள். லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். முதலில் தேடிப் பார்த்தாரா, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும், மறுபடி எப்போது வருவார் என்று கேட்டு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ மூச்சுத்திணறல் உள்ளவரோ இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்க மறுப்பவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.